ஜன்னல் வெட்ட யாரிடம் கேட்க வேண்டும்?

கேள்வி இது: "இலங்கையில் ஆஸ்பத்திரி இலவசம், மருந்து இலவசம், தடுப்பூசியும் இலவசம். அப்படியிருந்தும் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் பிள்ளைகள் குள்ளமாகவும் தாய்மார் இரத்தம் குறைந்தும் இருக்கிறார்கள் என்றால், அது அவர்களுடைய சாப்பாட்டுப் பழக்கத்தாலும் குடியாலும்தானே? வாழ்கிற இடம் உடம்பை என்ன செய்துவிடும்?"

பழக்கத்துக்குப் பங்கு இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் இந்தக் கேள்வியை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், அதுவும் பெரும்பாலும் தோட்டத்துக் காம்பராவுக்குள், அதாவது தொழிலாளர் குடும்பத்தின் ஒற்றை அறை வீட்டுக்குள், ஒரு இரவுகூடத் தங்கியிராதவர்களிடமிருந்து, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன். நான் நுவரெலியா மாவட்டத்தில் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவன். பிறகு சுகாதாரப் பரிசோதகராக, எங்கள் பக்கம் சொல்வதுபோல பி.எச்.ஐ.யாக, அதே மலைகளில் மோட்டார் சைக்கிளில் சுற்றினேன். ஆக, கக்கூஸ் இல்லாத வீட்டிலும் இருந்திருக்கிறேன், கக்கூஸ் ஏன் இல்லை என்று ஃபாரம் நிரப்பியும் இருக்கிறேன்.

முதலில் ஒரே ஒரு கணக்கு. 2016இல் நாடு முழுவதும் எடுத்த மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாட்டளவில் 100க்கு 17 பேர். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் 100க்கு 32 பேர் அளவில். ஏறக்குறைய இரண்டு மடங்கு. இதே கணக்கெடுப்பில் இன்னொரு அளவையும் எடுத்தார்கள்: உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா என்று. அதில் தோட்டத்துப் பிள்ளைகள் மற்றவர்களைவிட மோசமாக இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை, எனக்கோ அதுதான் முக்கியமாகப் படுகிறது. எடை குறைவது போன மாதப் பட்டினியைக் காட்டும், அல்லது போன வாரம் வந்த வயிற்றோட்டத்தைக் காட்டும். உயரம் குறைவது அப்படியில்லை. அது தாயின் வயிற்றில் இருந்த நாளிலிருந்து, ஏன், தாயே குள்ளமாக வளர்ந்த நாளிலிருந்து சேர்ந்து சேர்ந்து வருவது. ஒரு பிள்ளை இன்றைக்கு என்ன சாப்பிட்டது என்று கேட்டால் அதற்குப் பதில் கிடைக்காது. அந்தப் பிள்ளை எங்கே வளர்ந்தது, அதன் அம்மா எங்கே வளர்ந்தாள் என்றுதான் கேட்க வேண்டும்.

சரி, "எங்கே" என்றால் என்ன? மலையா, குளிரா, மழையா? மலை மீது பழி போட முடியாது. எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு சிங்களக் கிராமம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓடையும் ஒரு வேலியும்தான். அவர்களுக்கும் அதே மழை, அதே குளிர், அதே அட்டைக்கடி. அவர்களும் ஏழைகள்தான், போஞ்சியும் லீக்ஸும் போட்டு, விலை விழுந்தால் தலையில் கை வைத்து உட்காருகிறவர்கள். ஆனால் அங்கே ஒரு வீட்டுக்குப் பின்னால் நாலு மரக்கறிப் பாத்தி இருக்கும், ஒரு பசு இருக்கும், கோழி இருக்கும், வீட்டுக்காரன் கடன் வாங்கியாவது ஒரு அறையைக் கூட்டிக் கட்டியிருப்பான். வேலிக்கு இந்தப் பக்கம் அதெல்லாம் செய்வதற்கு முதலில் ஒருவரைக் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னால் வெளியூர்க்காரர்களுக்கு நம்பிக்கை வருவதில்லை. அதனால் எங்கள் காம்பராவையே காட்டுகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்து லயம். ஒரு நீளக் கட்டடம், தகரக் கூரை, அதை வரிசையாகக் காம்பராக்களாகத் தடுத்திருப்பார்கள். ஒரு காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது திண்ணை. நாங்கள் அம்மா, அப்பா, அப்பாயி, பிள்ளைகள் நாலு பேர். இஸ்தோப்பின் ஒரு பக்கத்தைத் தகரமும் சாக்கும் வைத்து அடைத்து அதில் அடுப்பு. விறகு எப்போதும் ஈரம், மழைக் காலத்தில் எங்கே போய்க் காய வைப்பது? அதனால் அடுப்பு எரிவதைவிடப் புகைவதுதான் அதிகம். காம்பராவில் ஜன்னல் என்று ஒன்று கிடையாது, கதவுக்கு மேலே ஒரு கை அகலத்துக்கு ஓட்டை. இரவில் குளிருக்குக் கதவையும் சாத்திவிட்டால் புகை உள்ளேயே தங்கிவிடும். அப்பாயிக்கு மூச்சு இழுப்பு. எனக்கு அடுத்தவனுக்கும் இழுப்பு. காலையில் எழுந்தால் அவன் மூக்கைச் சிந்தும் துணியில் கறுப்பாக இருக்கும்.

ஒருநாள் அப்பா, மேட்டுப்பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்துவிடலாம் என்று முடிவு செய்து, உடைத்த கட்டடம் ஒன்றிலிருந்து பழைய பலகைச் சட்டம் ஒன்றை இரண்டு நாள் சம்பளத்துக்கு வாங்கி வந்தார். சுவரில் கோடு கூடப் போட்டுவிட்டார். வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டு, "ஆபீஸில கேட்டியா?" என்றார். ஆபீஸில் கேட்டதற்கு, தோட்டத்து மேலாளரான துரையிடம் கேட்கச் சொன்னார்கள். துரை, ஒருவனுக்கு விட்டால் லயம் முழுக்க ஆளுக்கு ஒரு ஓட்டை போடுவான், கட்டடம் கம்பெனியுடையது என்று சொல்லிவிட்டார். அந்தச் சட்டம் பிறகு எங்கள் வீட்டில் சட்டி கவிழ்க்கிற பலகையாக ரொம்ப நாள் இருந்தது.

உங்கள் கேள்விக்கு என் பதில் ஏறக்குறைய இந்த ஜன்னலுக்குள்ளேயே இருக்கிறது. புகை உடம்புக்குக் கெடுதல் என்று அப்பாவுக்குத் தெரியும். அதற்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தெரியும். அறிவுரைக்குக் குறைச்சலில்லை. சுவர்தான் அவருடையதில்லை. நான் பி.எச்.ஐ. ஆன பிறகு லயத்துக்குப் போய், காற்றோட்டம் வேண்டும், அடுப்பைத் தனியாக வையுங்கள், கொதிக்க வைத்த தண்ணீர் குடியுங்கள் என்று சுகாதாரப் பேச்சுப் பேசும்போதெல்லாம் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கும். முன்னால் உட்கார்ந்திருக்கிற அக்காமார் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள்.

தண்ணீரும் அப்படித்தான். லயத்துக்கு ஒரு பீலி, ஊற்றுத் தண்ணீர் வந்து விழுகிற குழாய். மேலே ஊற்று, ஊற்றுக்கும் மேலே தேயிலை மலை, அங்கே மருந்தடித்தாலும் உரம் போட்டாலும் மழை பெய்தால் எங்கே வரும் என்று சொல்லத் தேவையில்லை. குடும்பத்துக்கு ஒரு கக்கூஸ் என்பது பிறகு வந்தது, நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது லயத்துக்கே இரண்டோ மூன்றோதான், அதிலும் ஒன்று எப்போதும் அடைத்திருக்கும். வயிற்றில் பூச்சியும் அடிக்கடி வருகிற வயிற்றோட்டமும் இருந்தால் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. சோற்றுக்குக் குறைவில்லாத வீட்டுப் பிள்ளையும் வளராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

அடுத்தது நேரமும் சம்பளமும். தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்ணுக்கு நாளுக்கு இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு உண்டு. அதை எடுத்தால் முழுப் பேர், எடுக்கவில்லை என்றால் அரைப் பேர், அதாவது பாதிச் சம்பளம். இந்த "பேர்" என்ற சொல் தெரியாமல் தோட்டத்துச் சுகாதாரத்தைப் புரிந்துகொள்ள முடியாது என்பேன். கர்ப்பிணி கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் அன்றைக்குப் பேர் போச்சு. ஆஸ்பத்திரியில் சீட்டு இலவசம், ஸ்கேன் இலவசம், மருந்து இலவசம். ஆனால் மலையிலிருந்து ரோட்டுக்கு நடை, ரோட்டிலிருந்து டவுனுக்கு பஸ், பஸ் தவறினால் த்ரீவீலர், வரிசையில் பகல் முழுக்க, அதற்கு மேல் அந்த நாள் சம்பளம். நாள் சம்பளம் 1000 ரூபாயாக உயர்ந்ததே 2021இல்தான், அதுவும் பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு. இலவச மருத்துவத்துக்காக ஒரு நாள் கூலியையும் வண்டிச் செலவையும் கொடுத்துவிட்டுப் போகிறவளுக்கு அது எப்படி இலவசம்? கொழும்பில் ஆபீஸில் இருக்கிற ஒரு பெண் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போய் வருகிற அதே கிளினிக், சட்டப்படி அதே விலை.

கிளினிக்கில் கொடுக்கிற திரிபோஷ பாக்கெட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. சோளமும் சோயாவும் கலந்த சத்துமா, கர்ப்பிணிக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் கொடுப்பது. "நீங்கதான் சாப்பிடணும், வீட்டுல பங்கு வைக்கக் கூடாது" என்று மிட்வைஃப் சொல்லி அனுப்புவார். ஏழு பேர் இருக்கிற ஒற்றைக் காம்பராவில், மூன்று பிள்ளைகள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு தாய் மட்டும் உருண்டை பிடித்துத் தனியாக எப்படித் தின்பாள்? தனியாகத் தின்ன ஒரு தனி அறையாவது வேண்டாமா? மாத முடிவில் எடை ஏறவில்லை என்று கார்டில் கோடு விழும், பழி தாய் மேல் விழும்.

அப்புறம் முகவரி. இதை வெளியில் இருப்பவர்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். லயத்து வீடுகளுக்கு முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயர், டிவிஷன் பெயர், அவ்வளவுதான். கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீஸுக்குப் போகும், அங்கிருந்து யாராவது எடுத்து வந்து கொடுத்தால் உண்டு. ஒரே தோட்டத்தில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், அது வேறு குழப்பம். என் அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள், தேதி கடிதத்தில் வரும் என்றார்கள். கடிதம் வந்தது. தோட்டத்து ஆபீஸில், அலமாரி மேல் ஒரு கட்டுக்குள் இருந்தது. எங்கள் கைக்கு வந்தபோது அதில் போட்டிருந்த தேதி போய் ஐந்து வாரம் ஆகியிருந்தது. திரும்பவும் வரிசையில் கடைசி. அந்த இரண்டாவது தேதி வருவதற்குள் அவர் போய்விட்டார். முதல் தேதிக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பார் என்று நான் சொல்லவில்லை, இரத்தக் குழாய் எவ்வளவு அடைத்திருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்று மட்டும்தான் எழுத இடம் இருந்தது.

இப்போது கொஞ்சம் பின்னால் போக வேண்டும், ஏனென்றால் இந்த நிலைமை தானாக வந்ததில்லை. தோட்டம் என்பது ஆரம்பத்திலிருந்தே நாட்டுக்குள் ஒரு தனி நாடு. கோப்பி பயிரிட்ட காலத்தில் எங்கள் முன்னோரைத் தமிழ்நாட்டிலிருந்து மன்னார் வழியாகக் காடுகளூடே நடத்திக் கூட்டி வந்தார்கள், வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். பிறகு தேயிலை வந்தது. தொழிலாளியின் வைத்தியம் துரையின் பொறுப்பு என்று 1872இலேயே ஒரு சட்டம் போட்டார்கள். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது, விளைவு என்னவென்றால் நாட்டுக்கு ஒரு சுகாதாரத் துறை, தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கி, மிட்வைஃப் வீடு வீடாகப் போகிற அந்த அருமையான முறை கிராமம் கிராமமாகப் பரவியது. இன்றைக்கும் உலகம் இலங்கையைப் புகழ்வது அதற்காகத்தான். அது தோட்டத்து வேலிக்கு வெளியிலேயே பல பத்தாண்டுகள் நின்றது.

1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது, அடுத்த வருடம் வாக்கும் போனது. வாக்கு இல்லாத இடத்துக்கு யார் ரோடு போடுவார்கள், யார் ஆஸ்பத்திரி கட்டுவார்கள்? அந்தக் கணக்கு முழுமையாகத் தீர 2003 வரை ஆனது. இன்னும் ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: 1987இல் வந்த பிரதேச சபைச் (உள்ளூராட்சி மன்றச்) சட்டத்தின்படி, சபைப் பணத்தில் தோட்டத்துக்குள் ரோடு, தண்ணீர் என்று செலவு செய்ய வழியில்லாமல் இருந்தது, தோட்டம் தனியார் இடம் என்பதால். அதை 2018இல்தான் திருத்தினார்கள். முப்பது வருடம். நான் வேலை பார்த்த காலத்தில் கிராமத்துக் கான் (கழிவுநீர் வாய்க்கால்) அடைத்தால் சபைக்கு எழுதுவேன், ஆள் வரும். லயத்துக் கான் அடைத்தால் தோட்டத்துக்கு எழுதுவேன், பதில்கூட வராது. டெங்கு நுளம்புக்கு அந்த எல்லை தெரியாது.

இடம் ஆளைக் கொல்லும் என்பதற்கு எங்கள் ஊர் வரலாற்றில் கண்கூடான சாட்சி 1973, 74 பஞ்சம். உலகச் சந்தையில் உணவு விலை ஏறியது, அரசாங்கம் பங்கீட்டு அரிசியைக் குறைத்தது, கோதுமை மா கிடைக்கவில்லை, அரிசியை ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகவும் தடை. நாடு முழுவதும் கஷ்டப்பட்டது. கிராமத்தில் பலாக்காய் இருந்தது, மரவள்ளி இருந்தது, ஈரப்பலா இருந்தது, ஏதோ ஒன்றை அவித்துத் தின்று சமாளித்தார்கள். தோட்டத்தில் சுற்றிப் பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, ஆனால் ஒரு இலையைத் தின்ன முடியாது. அந்த வருடங்களில் தோட்டங்களில் ஒரு வயதுக்குள் இறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு நூறைத் தாண்டினார்கள், நாட்டின் சராசரியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஒரே விலையேற்றம், ஒரே அரசாங்கம், ஒரே மலை. மரவள்ளி நட ஒரு துண்டு நிலம் இருந்ததா இல்லையா என்பதில் உயிர் நின்றது. அந்தப் பஞ்சத்தில் என் அப்பாயி இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள். 2022இல் உணவு விலையேற்றம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது அவள் உயிரோடு இல்லை, ஆனால் அம்மா, "கிழவி சொன்னது திரும்ப வருதுடா" என்றாள்.

இதெல்லாம் மலையகத்துக்கு மட்டுமான தனிக் கதை என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில், கால்ட்டன் என்ற பகுதியில் ஆண்களின் சராசரி ஆயுள் 54 என்றும், சில மைல் தள்ளி இருக்கிற லென்ஸியில் 82 என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆணைக்குழு 2008இல் எழுதியது. அங்கேயும் வைத்தியம் இலவசம்தான். "நோயாளிகளும் ஏழைகளும் போய் மலிவான இடத்தில் குடியேறுகிறார்கள், அதனால்தான் அந்த இடம் மோசமாகத் தெரிகிறது" என்று ஒரு எதிர்வாதம் எப்போதும் வரும். அதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1994 முதல் 1998 வரை ஐந்து பெரிய நகரங்களில், அரசாங்கக் குடியிருப்புகளில் இருந்த 4,600 அளவிலான குடும்பங்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் வறுமை குறைந்த பகுதியில் வாடகைக்குப் போக உதவிச்சீட்டு கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பார்த்தால், அந்தச் சீட்டு விழுந்த குடும்பத்துப் பெண்களிடையே மிதமிஞ்சிய உடற்பருமனும் நீரிழிவும் குறைவாக இருந்தன. யாரும் அவர்களுக்கு மாத்திரை கொடுக்கவில்லை, சாப்பாட்டு அட்டவணை கொடுக்கவில்லை. வருமானம்கூடப் பெரிதாக உயரவில்லை. தெரு மாறியது. குலுக்கல் என்பதால் "நல்லவர்கள் போனார்கள்" என்றும் சொல்ல முடியாது.

சரி, குடி. தோட்டத்தில் குடி இல்லை என்று சொன்னால் என் அம்மாவே என்னை அடிக்க வருவாள். சம்பள நாளில் டவுனில் எந்தக் கடையில் கூட்டம் என்று எல்லோருக்கும் தெரியும், கள்ளச் சாராயமான கசிப்பு பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் பகல் முழுக்க நனைந்து, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் கை மரத்து, குளவி கொட்டி வீங்கி, மாலையில் திரும்பி வந்தால் ஏழு பேர் நெரிக்கிற ஒரு காம்பரா, உட்காரக்கூட இடமில்லாத இடத்தில் ஆண்கள் வெளியே போகிறார்கள். போகிற இடம் எது? பக்கத்தில் நூலகம் இல்லை, விளையாட்டு மைதானம் சில தோட்டத்தில் உண்டு, சாராயக் கடை எல்லா டவுனிலும் உண்டு, லைசென்ஸோடு. குடிப்பவனை நான் நியாயப்படுத்தவில்லை, அடி வாங்குகிற பெண்களைப் பார்த்தவன் நான். ஆனால் "பழக்கம்" என்று நீங்கள் சொல்வதிலும் பாதி அந்த இடத்தில் முளைத்ததுதான் என்கிறேன். ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும் மட்டுமே தின்கிறார்கள் என்பார்கள். விடியற்காலையில் எழுந்து, ஒற்றை அடுப்பில் ஈர விறகில் காலைக்கும் மதியத்துக்கும் சேர்த்துச் சமைத்து, பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஓடுகிறவள் வேறென்ன செய்வாள்? ரொட்டி மலையில் கையில் வைத்துத் தின்னக்கூடியது, கெடாது, சீக்கிரம் ஆகும். அவளைவிட அறிவாகத் திட்டமிட யாராலும் முடியாது.

நல்லதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பொய்யாகிவிடும். எண்பதுகளுக்குப் பிறகு பிள்ளைக்காம்பராக்கள் திருந்தின, தடுப்பூசி முழுமையாக வந்தது, தோட்டத்துக்கும் மிட்வைஃப் வந்தார்கள், வீட்டுப் பிரசவம் ஏறக்குறைய மறைந்தே போனது. குழந்தை இறப்பில் தோட்டத்துக்கும் நாட்டுக்கும் இருந்த அந்தப் பயங்கர இடைவெளி வெகுவாகச் சுருங்கிவிட்டது. தோட்டத்து ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டிய 150 கட்டில் ஆஸ்பத்திரி 2017இல் திறந்தது. 1990 என்ற எண்ணுக்கு அடித்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வருகிறது, அது உண்மையிலேயே பெரிய விஷயம், ரோடு இருக்கிற இடம் வரைக்கும் வருகிறது. அதற்கு மேல் பழையபடி கம்பளியில் கட்டித் தோளில் தூக்க வேண்டும். தமிழ் தெரிந்த ஆட்கள்தான் இன்னும் போதவில்லை. வலி குத்துகிறதா எரிகிறதா இழுக்கிறதா என்பதைக் கைச்சாடையில் சொல்லி மருந்து வாங்குகிற கிழவிகளை வாராவாரம் பார்த்திருக்கிறேன்.

கவனித்தால், வேகமாகத் திருந்தியவை எல்லாம் வெளியிலிருந்து ஊசியாகவோ ஆளாகவோ கொண்டுவந்து கொடுக்கக்கூடியவை. உயரமும் இரத்தசோகையும் இழுப்பும் பிடிவாதமாக நிற்கின்றன, ஏனென்றால் அவை காம்பராவையும் சம்பளத்தையும் நிலத்தையும் பிடித்துக்கொண்டு நிற்பவை. ஆளுக்கு ஏழு பேர்ச் (எங்கள் பக்கத்து நில அளவு) நிலத்தில் தனி வீடு கட்டுகிற வேலையும் நடக்கிறது. இந்திய உதவியில் முதலில் நாலாயிரம், பிறகு பத்தாயிரம் என்று அறிவித்தார்கள். நல்ல வீடுகள்தான், தனிச் சமையலறை, சொந்தக் கக்கூஸ், எல்லாப் பக்கமும் ஜன்னல். போன இடங்களில் பார்த்திருக்கிறேன், முதல் வேலையாகப் பின்னால் கீரை போட்டிருப்பார்கள். ஆனால் தேவைப்படுவதைக் கணக்குப் பார்த்தால் இந்த வேகம் நத்தை வேகம். கட்டிய வீட்டுக்கும் உறுதிப்பத்திரம் கைக்கு வராமல் இழுத்தடிப்பது தனிக் கொடுமை.

மீரியபெத்தைத் தோட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தைக்குப் பக்கத்தில், 2014 அக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. கிடைத்த உடல்களும் கிடைக்காதவையுமாகப் பல பத்துப் பேர். அது சரியக்கூடிய மலை என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. "சொல்லியும் ஏன் போகவில்லை?" என்று டிவியில் கேட்டார்கள். நான் அப்போது பதுளையில் வேலையில் இருந்தேன், முகாமாக மாற்றிய பள்ளிக்கூடத்தில் ஒரு அண்ணன் சொன்னார்: "போகச் சொன்னாங்க தம்பி. எங்கேன்னு சொல்லல." தோட்டத்தை விட்டுப் போனால் வேலை போகும், வேலை போனால் காம்பரா போகும். வேலையும் வீடும் ஒரே முடிச்சில் இருக்கிற இடத்தில் ஒருவன் எச்சரிக்கையைக் கேட்டு நடப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று அந்தக் கேள்வி கேட்டவர்களுக்குத் தெரியாது.

அதனால், நீங்கள் பொதுச் சுகாதாரம் படிக்கிறவராக இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அடுத்த முறை லயத்துக்குக் கேள்வித்தாளோடு போகும்போது "வாரத்தில் எத்தனை நாள் மீன் சாப்பிடுகிறீர்கள்" என்பதோடு "இந்தச் சுவரில் ஆணி அடிக்க யாரிடம் கேட்க வேண்டும்" என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவதற்கு வருகிற பதில் முதலாவதை நிறைய விளக்கும்.

அம்மா இன்னும் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறாள். டவுனுக்கு வா என்றால், லயத்தில் பத்து வீட்டுச் சனத்தை விட்டு வர மனசில்லை என்கிறாள், அதுவும் உடம்புக்கு ஒரு மருந்துதான், நான் வற்புறுத்துவதில்லை. சுகர் இருக்கிறது, மாதம் ஒருமுறை கிளினிக். அப்பாவின் கதைக்குப் பிறகு நான் ஒரு வேலை செய்தேன்: அவளுடைய கிளினிக் கார்டில் முகவரி என்ற இடத்தில் சந்தியில் இருக்கிற சில்லறைக் கடையின் முகவரியை எழுதிக் கொடுத்தேன். கடிதம் வந்தால் கடைக்கார மாமா எனக்குப் போன் போடுவார். போன மாதம் போட்டார். "தம்பி, அம்மாவுக்குக் கடிதம் ஒண்ணு, வழக்கமா வர்றது மாதிரிதான் இருக்கு, பிரிச்சுப் படிக்கவா?" என்றார். படிக்கச் சொன்னேன்.